அங்கோர் வாட் தூணெழுத்தும் ‘பிழை’ வாசிப்பும்

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில், ஆயிரம் புத்தர் மண்டபம் எனப் பொருள்படும் பிரியா பான் மண்டபத்தின் தூண் ஒன்றில், ஜப்பானியரான மொரிமோட்டோ உகோன்தாயு கசுஃபுசா 1632ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மையால் எழுதிவைத்த குறிப்பு, பெரும்பாலும் ஒரு பிழைக்குச் சான்றாகவே படிக்கப்பட்டு வந்துள்ளது. காட்டினுள் கிடந்த இடிபாட்டை, புத்தர் தங்கி அறமுரைத்த வட இந்திய ஜேதவனம் என அவர் மயங்கினார் என்பதே அவ்வாசிப்பு. மூலத்தை அதன் இடத்திலேயே வைத்துப் பார்க்கும்போது, இம்முடிவு வலுவிழக்கிறது.

பல ஆயிரம் ரி (ஜப்பானியத் தொலைவளவு) கடல் கடந்து கோயிலை நாடி வந்ததையும், புத்தர் உருவங்கள் நான்கை நிறுவியதையும், தந்தையின் பொருட்டும் இறந்த தாயின் மறுமை நலத்தின் பொருட்டும் அதனை எழுதியதையும் குறிப்பு கூறுகிறது. ஜேதவனம் என்ற பெயர் அதில் இல்லை. அப்பெயரை வழங்குபவை பிற்காலச் சான்றுகளே: ஒன்று, 1715இல் படியெடுக்கப்பட்டு மிட்டோ நகரில் பேணப்படும் கோயில் வரைபடம், மற்றொன்று, 19ஆம் நூற்றாண்டுக் கட்டுரைத் தொகுதி ஒன்றில் இடம்பெறும் செய்தி. பின்னவை சொல்வதை முன்னதன்மேல் ஏற்றியதன் விளைவாகவே ‘பிழை’ பிறந்தது எனக் கருத இடமுண்டு. கசுஃபுசா மனத்தளவில் அவ்வாறு நம்பியிருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்நம்பிக்கைக்குத் தூணெழுத்தைச் சான்று காட்ட இயலாது.

குறிப்பின் அமைப்பு இதனினும் முக்கியமானது. 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்கென எழுப்பப்பட்டுப் பின்னர் பௌத்தத் தலமான இக்கோயிலில், 1577ஆம் ஆண்டின் கெமர் மொழிக் கல்வெட்டு, தன் மகனான அரசன் கோயிலைப் புதுப்பித்தது கண்டு அரசன் தாய் எய்திய மகிழ்ச்சியையும் அவளது நல்வினையையும் பதிவு செய்கிறது. இத்தகைய பதிவுகளில் அமையும் வந்தவரின் பெயர், நாள், செய்த அறம், அதன் பயன் எவருக்கு என்னும் உறுப்புகள் கசுஃபுசாவின் எழுத்திலும் காணப்படுகின்றன. வழிபடுவோர் புத்தர் உருவங்களைக் கொணர்ந்து நிறுவிய மண்டபத்திலேயே அவ்வெழுத்தும் உள்ளது. அவர் இவ்வமைப்பை உள்ளூர்த் துறவியரிடம் கண்டாரா, தம் நாட்டுத் திருத்தலப் பயண மரபிலிருந்து கொணர்ந்தாரா என்பது இங்கு இரண்டாம் நிலை வினாவே. எவ்வாறாயினும், அவர் நுழைந்தது வழிபாடு நிகழ்ந்துகொண்டிருந்த ஒரு தலத்தினுள்.

காடு அடர்ந்த இடத்தில் வழிபாடு நீடித்திருக்க முடியாது என்ற தடை நெடிது நிற்பதன்று: அருகிலுள்ள அங்கோர் தோம் நகர்ப்பகுதியில் மரங்கள் பெருகியது உண்மையெனினும், ஏறத்தாழ 190 மீட்டர் அகலமான அகழி அங்கோர் வாட்டைக் காட்டிலிருந்து பெரிதும் பிரித்தே வைத்தது.

1635இல் ஜப்பானியர் வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்டதால், அவர்களின் இத்தகைய வருகைகள் அற்றுப்போயின. ஆளரவமற்ற காட்டு இடிபாடு என்னும் காட்சியோ, 1860இல் அங்கு வந்த பிரெஞ்சுப் பயணி ஹென்றி மூஓவின் பயண நூலுக்குப் பின் ஐரோப்பாவில் பரவியது. 20ஆம் நூற்றாண்டில் அங்கோர்ப் பகுதியின் தா புரோம் கோயிலை மரங்களோடு விட்டுவைக்கப் பாதுகாப்பாளர்கள் எடுத்த முடிவும் அக்காட்சிக்கு உரமூட்டியது. அக்காட்சியை அளவுகோலாகக் கொண்டு 1632ஆம் ஆண்டின் அடியவரை வழிதவறிய பயணியாகக் கணிப்பது, காலத்தை முன்பின் மாற்றும் வாசிப்பாகும்.