தட்டில் ஒட்டிய பெயர்

‘உலக இசை’ என்று இன்று நாம் புழங்கும் சொல் ஒரு கடைச் சொல். 1987 ஜூன் 29 அன்று லண்டனில் ‘எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா’ என்கிற மதுக்கடையில் சில சிறிய, சுயேச்சையான இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கூடினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் அவர்கள் கொண்டுவந்த தட்டுகளைக் கடைக்காரர்கள் எந்த அடுக்கில் வைப்பதென்று தெரியாமல் திணறினார்கள். அடுக்குக்கு ஒரு அட்டை வேண்டும். அட்டையில் எழுத ஒரு சொல் வேண்டும். கல்விப்புலத்தில் ஏற்கெனவே கிடந்த ஒரு சொல்லை எடுத்து ஒட்டினார்கள். அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் உண்மையான ரசிகர்கள், கைக்காசைப் போட்டவர்கள். ஆனால் மேற்கு அல்லாத அத்தனையும் ஒரே அடுக்கில் விழுந்த பிறகு, அதற்குள் கிடக்கும் ஆளின் பெயர் என்ன ஆகிறது என்பதுதான் நமக்கான கேள்வி.

எங்கள் பக்கத்துக்கு உலக இசை எந்த அட்டையும் இல்லாமல்தான் வந்தது. எண்பதுகளில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தன. வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிகாட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போன சபுராளிகள் திரும்பும்போது செண்ட் பாட்டில், கைலி, தைலம், கூடவே ஒரு நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன். அதில் நாகூர் ஹனிபா பாடுவார். கேசட் முடிந்தால் அரபிப் பாட்டு. அதுவும் முடிந்தால் ‘போனி எம்’. நான் முதன்முதலில் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ கேட்டது ஒரு டெய்லர் கடையில். அர்த்தம் யாருக்குத் தெரியும்? காஜா எடுத்துக்கொண்டிருந்த பையன் காலால் தாளம் போட்டான், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டின் வம்சாவளியை ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஜமைக்காவின் ‘மெலோடியன்ஸ்’ குழு அதை 1970இல் பதிவு செய்தது. பிடுங்கி எறியப்பட்ட ஜனங்கள் அந்நிய ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற விவிலியச் சங்கீதத்தை, கறுப்பு அடிமை வரலாற்றின் குரலாக ரஸ்தஃபாரிகள் எடுத்துக்கொண்டார்கள். 1978இல் ஜெர்மன் தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியன் அதை டிஸ்கோவாக்கினார். (போனி எம் பாட்டுகளில் மேடையில் ஆடிய ஆணின் வாய் அசையும், தட்டில் ஒலித்த ஆண் குரல் பெரும்பாலும் ஃபாரியனுடையது.) அழுகை நடனமாகி, துபாய் வழியாக எங்கள் ஊருக்கு வந்து, வீட்டை விட்டு வருஷக்கணக்காகப் பிரிந்து கிடந்த ஒருவரின் பெட்டிக்குள்ளிருந்து ஒலித்தது. கேட்க வேண்டியவர்களின் காதுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பாடியவன் பெயர் மட்டும் கிங்ஸ்டனிலேயே தங்கிவிட்டது.

பெயருக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள உறவு இந்தியாவில் தலைகீழாகத்தான் தொடங்கியது. 1902இல் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பதிவு செய்தபோது கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். அன்றைக்குப் பலரும் அப்படிச் சொன்னார்கள். மெழுகுத் தட்டு ஜெர்மனியில் ஹனோவருக்குப் போய்த்தான் அச்சாகும். அங்கிருக்கும் தொழிலாளிக்கு எது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. கம்பெனியின் கணக்கு வசதிக்காகத்தான். இருந்தாலும் சபைகளில் ‘தாசி’ என்று மட்டும் சுட்டப்பட்ட பெண்கள் தம் பெயரைத் தாமே சொல்லிப் பதிய வைக்க ஒரு இடைவெளி திறந்தது.

அது சீக்கிரமே மூடிக்கொண்டதும் உண்டு. தேவதாசி மரபில் வந்த கோயம்புத்தூர் தாயியின் தட்டுகள் கடல் தாண்டிப் போயின. ராவெலின் நண்பரான பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் 1912 வாக்கில் இந்தியா வந்தவர். தாயியின் தட்டில் கேட்டதை அடியொற்றி ‘ராகமாலிகா’ என்றொரு படைப்பை எழுதினார். பாரிஸ் நவீனத்துவத்தின் ஒரு மூலையில் நம்மூர்ப் பெண்ணின் தொண்டை இருக்கிறது. படைத்தவர் பெயர் என்று அச்சில் இருப்பது டெலாஜ். கேட்டது அவர், பாடியது தாயி. ‘படைப்பாளி’ என்ற நாற்காலி கேட்டவருக்குப் போனது.

இதை வெறும் காலனியப் பிரச்சினை என்று முடித்துவிட முடியாது. கேசட் மலிவான பிறகு எங்கள் பகுதிக் கேசட் கடைகளில் பறை, ஒப்பாரி, சாமி வர்ணிப்பு எல்லாம் கிடைத்தன. அட்டையில் கடைப் பெயர் இருக்கும், சாமி படம் இருக்கும். அடித்தவன் பெயர்? ‘கிராமிய இசை’. ஒப்பாரி பாடிய கிழவி? ‘நாட்டுப்புறப் பாடல்’. நமது பேராசிரியர்களும் அப்படித்தான் தொகுத்தார்கள். ‘மக்கள் பாடல், ஆசிரியர் இல்லை’ என்பது கேட்க முற்போக்காகத்தான் இருக்கிறது. ஆனால் சாவு வீட்டில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருத்தியும் செத்தவரின் தொழில், கொழுந்தன் செய்த துரோகம், காடு அடமானத்தில் போனது என்று அந்த நிமிஷத்தில் கட்டுகிறாள். மெட்டு பொதுவானது, கட்டுவது அவள். கர்நாடக இசையிலும் ராகம் பொதுச்சொத்துதானே? அங்கே மட்டும் கீர்த்தனைக்கு முத்திரை உண்டு. பறையடிப்பவரைச் சாதிப் பெயரால் அழைக்கும் சமூகத்தில் ‘மரபு’ என்ற சொல் அவரை இன்னொரு முறை பெயரற்றவராக்குகிறது.

தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா 1939இல் ‘காலோ’ கம்பெனிக்காக ‘ம்பூபே’ பாடினார். உள்ளூர்த் தனிக் கம்பெனிதான் அது. அந்தப் பாட்டு அமெரிக்காவில் வேறு பெயரில் உலகப் புகழ் பெற்றது. லிண்டா 1962இல் ஏழையாகவே செத்தார். வழக்குப் போட்டு 2006இல்தான் அவர் பிள்ளைகளுக்கு ஒரு சமரசத் தொகை கிடைத்தது. அதுவும் ஆப்பிரிக்க ‘நாட்டுப்பாடல்’ என்றுதான் ஆரம்பத்தில் கைமாறியது.

நம் காலத்துக்கு வருவோம். ஏ.ஆர்.ரகுமான் புலம்பெயர் தமிழர்களோடு சேர்ந்து முன்னிறுத்திய ‘மாஜா’ என்னும் சுயாதீன இசைத்தளம் 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’யை வெளியிட்டது. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அதில் பெயரோடும் முகத்தோடும் இருந்தார். ஒப்பாரியின் வரலாற்றில் இது சின்ன விஷயமில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இந்தியப் பதிப்பின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.ரஞ்சித் உள்ளிட்ட பலர் கேட்ட பிறகு அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேறியது. அறிவு எழுதினார், கூட்டு உழைப்பு என்று சந்தோஷ் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ், கோடிக்கணக்கான பேர் கேட்ட இந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

இதில் யார் நல்லவர் என்று தீர்ப்பு எழுதுவது என் வேலையல்ல. சுயேச்சைக் கம்பெனி என்றாலே பெரிய கம்பெனிக்கு மாற்று என்று நாம் நம்பிவிடுகிறோம். யாரிடமிருந்து சுயேச்சை என்று கேட்க வேண்டியிருக்கிறது. சந்தையின் ராட்சசர்களிடமிருந்து விலகி நிற்கலாம். அட்டையில் யார் முகம் விற்கும் என்று தீர்மானிக்கிற சாதிய, நிறப் பார்வையிடமிருந்தும் விலகி நிற்கிறதா?

இப்போது எங்கள் பக்கம் பறைக் குழுக்களில் பையன்கள் பலர் கருவியின் மேலேயே குழுப் பெயரையும் செல்போன் நம்பரையும் பெயிண்டில் எழுதிவிடுகிறார்கள். வீடியோவை யாரும் எடுத்து எங்கேயும் போடட்டும், அடிக்கிற கையை வெட்டிவிட்டு நம்பரை மட்டும் விட முடியாது. “கேமரா யாருதா இருந்தா என்னண்ணே, மேளம் நம்மளுது” என்றான் ஒருவன். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். ஆளுக்கு இவ்வளவு, ராத்திரி முழுக்க என்றால் தனி என்று சொல்லிவிட்டு, அடுத்த சாவுக்கு வண்டியில் ஏறினான்.