நங்கூரத்தின் பிடி



மோரிப் கடற்கரையை நம்மில் பலர் அறிவோம். 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் இந்தியப் படை அங்கே கரையிறங்கியது. ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்திருந்தது. ஆயினும் வண்டிகள் பல சேற்றில் புதைந்தன. இத்தகைய ஆழமில்லாத சேற்றுக் கரையில் படகை நிறுத்துவது எப்படி?

பண்டைக்காலத்தில் துளையிட்ட கல்லே நங்கூரம். அதன் கனமே படகை நிறுத்தியது. பிறகு குறுக்குக் கட்டையும் கொக்கிகளும் கொண்ட இரும்பு நங்கூரம் வந்து, தரையைக் கவ்வியது. பின்னர், அமெரிக்கரான ரிச்சர்ட் டான்போர்த் இரண்டு அகன்ற தகடுகள் கொண்ட இலேசான நங்கூரத்தைப் படைப்படகுகளுக்காக அமைத்தார். கரையை நெருங்கும்போதே அதைப் பின்புறம் போட்டுவிடுவார்கள். ஆட்கள் இறங்கியபின் அந்த வடத்தை இழுத்தே படகு கடலுக்குத் திரும்பும்.

இலேசான இரும்பு எப்படித் தாங்குகிறது? நாம் மண்வெட்டி பிடித்தவர்கள். மண்ணில் பதிந்த வெட்டியைத் தாழ்வாக இழுத்தால் அது மண்ணைப் பற்றும். காம்பை உயர்த்தினால் பெயர்ந்துவிடும். நங்கூரமும் அப்படியே. ஆகவே கயிறு தாழ்ந்து கிடக்க வேண்டும். அதற்கு, நீரின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் தேவை.

நீர் வற்றியபோது ஆழம் 2 மீட்டர்; 14 மீட்டர் கயிறு போதும் என்று தோன்றும். ஆனால், நமது மேற்குக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் சுமார் 4 மீட்டர் ஏறும் இடங்கள் உண்டு. அப்போது ஆழம் 6 மீட்டர். குறைந்தது 30 மீட்டர் கயிறு வேண்டும். இல்லையேல் நங்கூரம் பெயரும். படகில் உறங்குபவர் அறியாமலே படகு நகரும்.

கயிற்றில் சிக்கனம் செய்தால் படகு போகும். சில வேளை உயிரும் போகும். கல் நங்கூரம் முதல் இன்றுவரை மனிதர் கற்ற பாடம் இதுவே: கனத்தைவிடப் பிடியே பெரிது.