கொழும்பிலிருந்து ஒலித்த கீதமாலை

ஒரு பாட்டு நல்ல பாட்டு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? கற்றறிந்த புலவரா, நாட்டை ஆளும் அரசா, அல்லது காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கி, தபாலட்டை எழுதிப் போடும் சாதாரண இரசிகரா? இவ்வினா மிகப் பழையது. ஆயினும் 1950களில் இதற்கு விடை காணும் பெரியதொரு பரீட்சை எங்கள் கொழும்பு வானொலி நிலையத்தின் வழியாகவே நடந்தது என்பதை இன்று நம்மிற் பலர் மறந்துவிட்டோம். ஹிந்தித் திரைப்பாடல்களை வாரந்தோறும் தரவரிசைப்படுத்தி ஒலிபரப்பிய 'பினாகா கீத்மாலா' என்ற நிகழ்ச்சியையே குறிப்பிடுகின்றேன்.

நான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். எந்தச் செய்யுளைப் பாடநூலில் வைப்பது, எதை விடுவது என்ற விவாதங்களுக்கு நடுவே வாழ்பவன். அந்தப் பாடல்கள் வெளிவந்தபோது நான் பிறக்கவில்லை. தந்தையார் முணுமுணுக்கக் கேட்டும், பிற்காலத்து ஒலிநாடாக்கள் வாயிலாகவும் அவற்றை அறிந்தேன். மொழிபெயர்ப்புகளின் துணையோடு பொருளையும் தேடிக்கொண்டேன். ஆகவே இங்கு நான் சொல்லப்போவதில் வரலாறும் உண்டு. என் சொந்த அபிப்பிராயமும் உண்டு.

முதலில் வரலாறு. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக பி. வி. கேஸ்கர் பதவியேற்றார். சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். திரைப்பாடல்கள் தரங்குறைந்தவை, மேனாட்டு மோகம் கொண்டவை என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய நேரம் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதுவும் நிறுத்தப்பட்டது. படத் தயாரிப்பாளர்கள் சினங்கொண்டு தங்கள் பாடல்களுக்கான அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டனர். நாடெங்கும் மக்கள் வாயில் இருந்த பாடல்கள் அந்நாட்டு வானொலியில் மட்டும் இல்லாமற் போயின.

அப்போது கொழும்பில் நிலைமை வேறாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்காசியப் படையினருக்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கைக்குக் கிடைத்தது. போருக்காக வந்த பொறி பாட்டுக்காகப் பயன்பட்டது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை அவுஸ்திரேலியரான கிளிபர்ட் டொட் பொறுப்பேற்று வளர்த்தார். இந்தியாவில் வானொலியில் விளம்பரம் செய்ய இயலாதிருந்த நிறுவனங்கள் கொழும்பை நாடின. பற்பசை விற்ற ஒரு நிறுவனத்தின் ஆதரவில் 1952 டிசெம்பரில் கீத்மாலா தொடங்கியது.

நிகழ்ச்சியை நடத்தியவர் அமீன் சயானி. அப்போது அவருக்கு வயது 19. பம்பாயில் ஒலிப்பதிவாகிய நாடா கொழும்புக்கு வரும். புதன்கிழமை இரவு 8 மணிக்கு இங்கிருந்து இந்தியா முழுவதற்கும் ஒலிபரப்பாகும். தொடக்கத்தில் அது ஒரு போட்டி. ஏழு பாடல்கள் ஒலிக்கும். நேயர்கள் அவற்றைச் சரியான வரிசையில் அமைத்து எழுத வேண்டும். பரிசு 100 ரூபா. முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள் வந்தன என்றும், ஓராண்டுக்குள் வாரத்துக்கு 65,000 ஆகப் பெருகின என்றும் சயானி பின்னாளிற் கூறினார். அத்தனை கடிதங்களையும் பிரித்துப் பார்ப்பது இயலாத காரியமாகவே, 1954இன் இறுதியில் போட்டி கைவிடப்பட்டுத் தரவரிசை நிகழ்ச்சியாக அது மாறியது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கும் நேயர்களின் விருப்பமும் சேர்ந்து வரிசையைத் தீர்மானித்தன. ஒவ்வோர் இடத்தையும் 'படி' என்ற பொருள் தரும் சொல்லால் சயானி குறித்தார். பாட்டு ஏணியில் ஏறும், இறங்கும்; ஆண்டு முடிவில் ஒரு பாட்டு முடி சூடும்.

சயானியின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். அவருடைய தாயார் குல்சும் சயானி, புதிதாக எழுத்தறிவு பெற்றோருக்காக 'ரஹ்பர்' என்ற பத்திரிகையை எளிய ஹிந்துஸ்தானியில், மூன்று எழுத்து வடிவங்களில் நடத்தியவர். மகனும் அதில் உதவினார். வடமொழிச் சுமையும் பாரசீகச் சுமையும் இல்லாத தெருமொழியை அவர் வானொலிக்குக் கொண்டு வந்தது இந்தப் பயிற்சியாலேயே. 'சகோதரிகளே, சகோதரர்களே' என்று பெண்களை முன்வைத்து அழைத்த குரல் அது. மயில்வாகனனாரின் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அறிவிப்பாளர் ஒருவரின் மொழி எவ்வளவு தூரம் மக்களை எட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, முடி சூடிய பாடல்களைப் பார்ப்போம். 1953 தொடக்கம் 1960 வரையான எட்டு ஆண்டுகளின் முதலிடப் பாடல்களை வரிசையாகக் கேட்டால் ஒரு காலத்தின் மனமே கேட்கும்.

1953இல் 'அனார்கலி' படப்பாடல். இசை சி. ராமச்சந்திரா, பாட்டு ராஜேந்திர கிருஷண், குரல் லதா மங்கேஷ்கர். காதலுக்குத் தன்னைக் கொடுத்துவிட்ட பெண்ணின் பாட்டு. குரலின் தூய்மைக்காகவே அது வென்றது என்பேன். சொல்லில் புதுமை குறைவு.

1954இல் 'டாக்ஸி டிரைவர்'. ஸாஹிர் லூதியான்வி எழுதி எஸ். டி. பர்மன் இசையமைத்த பாடல். தலத் மஹ்மூதின் நடுங்கும் குரல். போக்கிடம் இல்லாத ஒருவனின் ஏக்கம் அது. படத்தில் அது காதற் சோகம்தான். ஆனால் பிரிவினை நடந்து ஏழே ஆண்டுகள். ஸாஹிரே லாகூரிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர். வீட்டையும் ஊரையும் விட்டு எல்லை கடந்த இலட்சோப இலட்சம் பேரின் காதில் அந்தப் பாட்டு வெறும் காதற்பாட்டாக விழுந்திருக்காது என்பது என் துணிபு. இடப்பெயர்வை அறிந்த நமது மக்களுக்கு இது எளிதில் விளங்கும். எட்டுப் பாடல்களிலும் நான் முதலில் வைப்பது இதனையே.

1955இல் 'ஸ்ரீ 420'. சைலேந்திரா எழுத, சங்கர் - ஜெய்கிஷன் இசையில் முகேஷ் பாடினார். அணிந்திருக்கும் உடுப்புகள் பல தேசத்தவை, உள்ளம் மட்டும் சொந்த மண்ணுக்குரியது என்ற வேடிக்கைப் பாட்டு. சைலேந்திரா பம்பாயில் ரெயில்வேத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் பெருமிதத்தை முழக்கமின்றி, கிழிந்த சப்பாத்துக்காரன் ஒருவனின் நடையில் வைத்தார். தேசபக்திப் பாடல் எழுத விரும்புவோர் படிக்க வேண்டிய பாடம் இது.

1956இல் 'சி. ஐ. டி.'. மஜ்ரூஹ் சுல்தான்புரி எழுத, ஓ. பி. நய்யார் இசையமைக்க, முஹம்மது ரஃபியும் கீதா தத்தும் பாடினர். மெட்டு, 'கிளெமென்டைன்' என்ற அமெரிக்கப் பழம் பாட்டைத் தழுவியது. கேஸ்கர் அஞ்சிய மேனாட்டு மோகத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் பொருளைப் பாருங்கள். ஏழையைப் பழித்து, தன் கொள்ளைக்கு வியாபாரம் என்று பெயர் சூட்டும் பெருநகரத்தை எள்ளி நகையாடும் பாட்டு அது. எழுதியவரோ நேருவை எதிர்த்துக் கவிதை பாடியதற்காகச் சிறை சென்ற கவிஞர். மெட்டைக் கொண்டு பாட்டை எடைபோடுவது எவ்வளவு பிழையான அளவை என்பதற்கு இதுவே உதாரணம்.

1957ஆம் ஆண்டுதான் என்னைப் பொறுத்தவரை வழக்குக்குரியது. முதலிடம் பெற்றது 'ஜனம் ஜனம் கே பேரே' என்ற படத்தின் பாடல். எழுதியவர் பரத் வியாஸ், இசை எஸ். என். திரிபாதி. மறைந்து விளையாடும் ஒருவனை முன்னே வா என்றழைக்கும் இனிய பாட்டு. பக்தியும் காதலும் ஒன்றில் ஒன்று கலந்தது. குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அதே ஆண்டில்தான் குரு தத்தின் 'ப்யாசா' வெளிவந்தது. ஸாஹிர், தாம் முன்னர் எழுதிய கவிதையொன்றைத் திரைக்கென எளிய சொற்களில் மாற்றி, விலைமாதர் தெருவைக் காட்டி, தேசத்தை எண்ணிப் பெருமைப்படுவோர் எங்கே என்று அதிற் கேட்டார். அந்தப் படத்தின் பாடல் ஒன்றேனும் முடி சூடவில்லை. என் தீர்ப்பிலே இது தரவரிசையின் தோல்வி. இனிமைக்கு வாக்களித்தவர்கள் உண்மைக்கு வாக்களிக்கவில்லை.

1958இல் 'சோல்வா சால்'. மஜ்ரூஹின் வரிகள், பர்மனின் இசை, ஹேமந்த குமாரின் கனத்த குரல். ஓடும் ரெயிலுக்குள் பாடப்படும் அப்பாடலில் வாய் வாத்தியம் ஊதியவர் பர்மனின் மகன், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஆர். டி. பர்மன். 1959இல் 'சல்தி கா நாம் காடி' படத்தில் கிஷோர் குமாரும் ஆஷா போஸ்லேயும் பாடிய குறும்புப் பாட்டு. இதுவும் மஜ்ரூஹ் - பர்மன் கூட்டு. இவ்விரண்டும் பெருங்கவிதைகள் அல்ல. ஆனாற் சிரிக்கத் தெரிந்த பாடல்கள். நமது பள்ளு நூல்களின் ஏசலை இரசிப்பவர்கள் இவற்றைத் தள்ளிவிட முடியாது.

1960இல் 'பர்சாத் கி ராத்'. மறுபடியும் ஸாஹிர், இசை ரோஷன், குரல் ரஃபி. மழையிரவில் ஒரு பெண்ணைக் கண்ட நினைவு. படத்தின் நாயகன் ஒரு கவிஞன். அவன் அதனை வானொலி நிலையத்தில் நின்று பாட, நாயகி வானொலிப் பெட்டியருகே இருந்து கேட்கின்றாள். திரைப்பாட்டை வானொலி ஒதுக்கியதொரு பத்தாண்டின் முடிவில், வானொலியிற் பாடும் கவிஞனைக் காட்டிய பாட்டே முடி சூடியது.

இந்த எட்டையும் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். மஜ்ரூஹ் மூன்று, ஸாஹிர் இரண்டு, சைலேந்திரா ஒன்று. எட்டில் ஆறு பாடல்கள் முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தோடும் மக்கள் நாடக இயக்கத்தோடும் தொடர்புகொண்ட மூன்று கவிஞர்களின் கைகளிலிருந்து வந்தவை. இலக்கிய விமர்சகர் எவரும் இந்த வரிசையைத் தயாரிக்கவில்லை. கடைக்காரரின் விற்பனைப் புத்தகமும் தபாற்காரரின் பையும் சேர்ந்து தயாரித்தன. தரமற்றதென்று அமைச்சர் ஒதுக்கியதற்குள்ளே மக்கள் கவிஞர்களைக் கண்டெடுத்தார்கள்.

அதற்காக மக்கள் வாக்கே இறுதித் தீர்ப்பு என்று நான் வாதிட வரவில்லை. கடிதம் எழுத எழுத்தறிவு வேண்டும். இசைத்தட்டு வாங்கப் பணம் வேண்டும். தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போன கூலித் தொழிலாளியின் விருப்பம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அன்றைய பீஹாரில் 'ஜும்ரி திலையா' என்றொரு மைக்கா சுரங்க ஊர் இருந்தது. அங்குள்ள சில ஆர்வலர்கள் ஓயாமல் எழுதிய விருப்பக் கடிதங்களால், வரைபடத்தில் தேட வேண்டிய அச்சிற்றூரின் பெயர் வானொலி நேயர் அனைவருக்கும் மனப்பாடமாயிற்று. பத்துப் பேர் விடாமல் எழுதினால் பத்தாயிரம் பேரின் குரலாக அது ஒலிக்கும். 'ப்யாசா'வுக்கு நேர்ந்ததையும் மேலே கண்டோம்.

எனினும், மக்கள் பாட்டைக் காது கொடுத்துக் கேளாத இலக்கியம் நிலைத்ததாக நமது வரலாற்றில் நான் காணவில்லை. தொல்காப்பியர் தமது செய்யுளியலில் பண்ணத்திக்கும் இடம் வகுத்தார். இளங்கோவடிகள் கானல்வரியையும் ஆய்ச்சியர் குரவையையும் அம்மானையையும் ஊசலையும் வள்ளைப்பாட்டையும் காப்பியத்துள் ஏற்றார். உலக்கை பிடித்த பெண்களின் பாட்டு அரசியல் காப்பியத்தின் அங்கமாயிற்று. அவர் அவற்றைத் தடைசெய்யவும் இல்லை. கேட்டபடியே எடுத்து வைக்கவும் இல்லை. கேட்டார், தெரிந்தெடுத்தார், செம்மை செய்தார். கற்றவரின் கடமை அதுவென்றே கருதுகின்றேன்.

இந்திய அரசும் காலந்தாழ்த்தியேனும் இதை உணர்ந்தது. 1957 ஒக்டோபர் 3ஆம் நாள் 'விவித் பாரதி' சேவையைத் தொடங்கி, திரைப்பாடலுக்குத் தன் வீட்டிலேயே இடமளித்தது. ஆயினும் கீத்மாலா 1980களின் இறுதிவரை கொழும்பிலிருந்தே ஒலித்தது. அமீன் சயானி 2024 பெப்ரவரி 20ஆம் நாள் தமது 91ஆம் வயதில் மும்பையிற் காலமானார். இந்தியப் பத்திரிகைகள் அவருக்கு எழுதிய அஞ்சலிகளில் 'ரேடியோ சிலோன்' என்ற எங்கள் நிலையத்தின் பழம்பெயர் மீண்டும் மீண்டும் வந்தது.

நமது நாட்டவர் அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொள்வர். பெருமை நியாயமானதே. ஆனால் பெருமையைவிடப் பெரிது அதில் உள்ள படிப்பினை. ஒரு நாட்டின் காதை அதன் அரசு அடைத்தபோது, அயலில் உள்ள சிறு தீவொன்று தன் சாளரத்தைத் திறந்து வைத்தது. பாட்டு அவ்வழியாகப் போய்ச் சேர்ந்தது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று கட்டளையிடும் அதிகாரம் யாரிடம் இருந்தாலும், அமைச்சரிடமாயினும் ஆசிரியரிடமாயினும், அந்த அதிகாரத்துக்கு ஆயுள் குறைவு. ஆசிரியருக்கு எஞ்சியிருப்பது ஒன்றே: மாணவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டை அவர்களோடு இருந்து கேட்டு, அதில் ஸாஹிர் எங்கே இருக்கிறார் என்று காட்டுவது.