யாருடைய நாக்கு, யாருடைய பாட்டு: யூவன் மக்காலும் லண்டன் பப் மாடிகளும்

இங்கிலாந்தில் 'பப்' என்பது நம்மூர்ச் சாராயக்கடை மாதிரி ஒதுக்குப்புறமானதல்ல. வேலை முடிந்தவன் உட்கார்ந்து பேசுகிற பொதுவெளி. 1950களில் லண்டன் பப்களின் மாடிகளிலும் பின்னறைகளிலும் நாட்டுப்பாடல் மன்றங்கள் முளைத்தன. பெரும்பாலும் மைக் கிடையாது. பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். கடைக்காரருக்கு பீர் விற்றால் சரி. இந்த அறைகளுக்குள் இயங்கிய அதிகாரத்தை மக்காலின் வாழ்க்கை வழியாக வாசித்துப் பார்க்கிறேன்.

1915இல் சால்ஃபோர்டில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், அப்பா இரும்பு வார்ப்புத் தொழிலாளி, சோசலிஸ்ட். வைத்த பெயர் ஜேம்ஸ் ஹென்றி மில்லர். பதினான்கு வயதில் படிப்பு நின்றது. அப்புறம் வேலையின்மை, கம்யூனிஸ்ட் இளைஞர் அணி, தெருநாடகம். 1932இல், பணக்காரர்களின் வேட்டைநிலமாயிருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் தொழிலாளர்கள் அத்துமீறி நடந்த போராட்டம் அவருக்கு ஒரு பாட்டைத் தந்தது. 1940இல் பட்டாளத்தை விட்டு ஓடிய மில்லர், போருக்குப் பிறகு 'மக்கால்' ஆனார். 1949இல் ஒரு நாடகத்தில் காட்சி மாற்றும் இடைவெளியை நிரப்ப 'டர்ட்டி ஓல்ட் டவுன்' எழுதினார். சால்ஃபோர்டைப் பற்றிய பாட்டு அது.

மன்றத்துக்கு வருவோம். லண்டன்காரர் ஒருவர் அமெரிக்கக் கறுப்பர் லெட்பெல்லியின் பாட்டை லண்டன் உச்சரிப்பில் பாட, மக்காலின் துணைவியான அமெரிக்கப் பாடகி பெகி சீகருக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். அங்கிருந்துதான் விதி பிறந்தது: மேடையேறுகிறவர் தன் மொழியின், தான் வளர்ந்த பண்பாட்டின் பாட்டைத்தான் பாட வேண்டும். 1961இல் தொடங்கிய 'சிங்கர்ஸ் கிளப்' இதைக் கறாராகக் கடைப்பிடித்தது. அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தின் மேலாண்மைக்கு எதிர்ப்பு என்ற அளவில் இதில் நியாயமிருக்கு. தன் ஊர்ப் பேச்சைக் கேவலம்னு நினைத்தவனுக்கு அது தைரியமும் கொடுத்திருக்கும்.

ஆனால் 'உன்னுடையது எது' என்று தீர்மானிப்பது யார்? சால்ஃபோர்டில் வளர்ந்தவர் ஸ்காட்டியப் பெயரோடும் குரலோடும் கதைப்பாடல்கள் பாடினார். போலி என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. பெற்றோரிடம் கேட்ட பாட்டு அவருக்கும் சொந்தம்தான். அடையாளம் எதுவானாலும் கட்டமைக்கப்படுவதுதானே. தான் எடுத்துக்கொண்ட சுதந்திரத்தை அடுத்தவனுக்கு மறுத்ததுதான் சிக்கல்.

விதியை உடைத்ததும் அவருடைய பாட்டுகளே. சார்லஸ் பார்க்கர், சீகரோடு 1958 முதல் பிபிசிக்காக அவர் செய்த 'ரேடியோ பாலட்' நிகழ்ச்சிகளில் தொழிலாளர்கள் தங்கள் வாயாலேயே பேசினார்கள். நடிகர்கள் அவர்களுக்குப் 'பதிலாக'ப் பேசவில்லை. 1960இல் வந்த மீனவர் நிகழ்ச்சிக்காக, நார்ஃபோக்கின் முதிய மீனவர் சாம் லார்னரின் பேச்சிலிருந்து ஹெர்ரிங் மீன்கூட்டங்களைப் பற்றி ஒரு பாட்டைக் கட்டினார். ஆசிரியராகப் பதிவானது மக்காலின் பெயர். ஆனால் அயர்லாந்துப் பாடகர்கள் வாயில் 'ஹெர்ரிங் கூட்டங்கள்' 'எரின் கரைகள்' ஆகி, பழைய நாட்டுப்பாட்டாகவே உலவியது. ஆசிரியனின் மரணம் பற்றிப் பார்த் எழுதியது 1967இல். பப்பில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த விஷயம்.

1957இல் சீகருக்காக எழுதிய காதல் பாட்டு, கறுப்பினப் பாடகி ராபர்ட்டா ஃப்ளாக்கின் குரலில் 1972இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மன்ற விதிப்படி பார்த்தால் ஃப்ளாக் அதைப் பாடியிருக்கவே முடியாது! மற்றவர்கள் பாடிய வடிவங்கள் மக்காலுக்குப் பிடிக்கவுமில்லை. 1989இல் அவர் இறந்தார். சால்ஃபோர்டின் பாட்டை 1968இல் டப்ளினர்ஸும் 1985இல் போக்ஸும் இசைத்தட்டில் பாடியிருந்தார்கள்; கேட்கிற பலருக்கும் இன்று அது டப்ளின் பாட்டு.