புகைமூட்டமும் ஈரக் கைக்குட்டையும்

2005 ஆகஸ்டு 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்ட அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. அதற்கு முந்திய நாள்களில், புதிய ஆசிரியையான நான், வகுப்பறைச் சன்னல்களை அடைத்துவிட்டு, ஈரக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்ளுமாறு மாணவர்களைப் பணித்தேன்.

அன்றைய குறியீடு, 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசியனைத்தையும் ஒரே தொகுதியாகவே அளந்தது. அவற்றுள் பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் படியும்; சளியோடு வெளியேறும். 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவையோ நுரையீரலின் காற்றறைகள்வரை செல்லும். கைக்குட்டை அவற்றைத் தடுக்காது. சன்னல் இடுக்கு வழியாகவும் வகுப்பறைக்குள் புகும். அமெரிக்கா இந்நுண்துகளுக்கு 1997இலேயே தனி வரம்பு விதித்தது. சரவாக்கில் புகைமூட்ட அவசரநிலை அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்! சிங்கப்பூர் 2014 ஏப்ரலிலும் மலேசியா 2018இலும் அதனைக் குறியீட்டில் சேர்த்தன.

என் சொல்லை நம்பிக் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு அப்போது ஏழு வயது.