கவிஞர்களின் திரைத்தோற்றங்கள்

தமிழ்த் திரையில் கவிஞர் என்றால் பாட்டெழுதுபவர் என்றே பொருள். முகத்தோடு வந்தவர்கள் சிலர்தான். சொந்தக் குரலும் கூட வந்ததா என்பது தனிக் கேள்வி. ‘இரத்தத் திலகம்’ (1963) படத்தின் பாடல் காட்சியொன்றில் கண்ணதாசன் தோன்றுகிறார். வாயசைப்பு அவருடையது, பாடியவர் டி. எம். சௌந்தரராஜன். அடுத்த ஆண்டு ‘கருப்புப் பணம்’ படத்தில் முக்கிய வேடமே ஏற்றார்.

இவ்வகையில் பெரிதும் பேசப்பட்டவர் வ. ஐ. ச. ஜெயபாலன் (பி. 1944). யாழ்ப்பாணத்து உடுவிலில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் மன்றத் தலைவராக இருந்து, பின்னர் நார்வேயில் குடியேறியவர். ‘சூரியனோடு பேசுதல்’, ‘நமக்கென்றொரு புல்வெளி’ ஆகியவை இவருடைய தொகுப்புகள். அறுபதைக் கடந்த வயதில், வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ (2011) படத்தில் மதுரைச் சேவற்சண்டை ஆசான் பேட்டைக்காரனாக நடித்தார். கழுத்தைத் திருகிப் போடச் சொன்ன சேவலைச் சீடன் கருப்பு களத்தில் இறக்கி வென்றுவிட, அந்த வெற்றியைத் தாங்க முடியாமல் உள்ளுக்குள் புழுங்கிச் சூழ்ச்சியில் இறங்கும் கிழவர் அவர். வசனத்தைவிட அவருடைய மௌனமும் பார்வையுமே பாத்திரத்தைத் தூக்கி நிறுத்தின. 58ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் இந்நடிப்புக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. ஆனால் பேட்டைக்காரனின் குரல் ராதாரவியுடையது. சொல்லால் அறியப்பட்ட ஒருவரைச் சினிமா உடலால் மட்டுமே அறிந்துகொண்டது வேடிக்கைதான்.

வேலை, வீடு என்ற ஒழுங்குக்குள் அடங்காமல் ஊர் ஊராக அலைந்த கவிஞர் விக்ரமாதித்யன். ‘ஆகாசம் நீலநிறம்’ (1982) அவருடைய முதல் தொகுப்பு. பிச்சைக்காரர்களின் உலகைக் காட்டிய பாலாவின் ‘நான் கடவுள்’ (2009) படத்தில் நடித்தார். அவருடைய தாடிக்கு ஒப்பனை வேண்டியிருக்கவில்லை. 2021இல் விஷ்ணுபுரம் விருது பெற்றபோது அவரைப் பற்றி ‘வீடும் வீதிகளும்’ என்ற ஆவணப்படம் வந்தது.

அமெரிக்காவின் பீட் தலைமுறைக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்குக்குத் திரையில் குரலை இழக்கும் சிக்கலே இல்லை. பாப் டிலனைப் பற்றிய ‘டோன்ட் லுக் பேக்’ (1967) ஆவணப்படத்தின் தொடக்கத்தில் லண்டன் சந்தொன்றின் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருக்கிறார். 1962-63இல் இந்தியாவில் சுற்றியவர் அல்லவா, 1968இல் வில்லியம் பக்லியின் ‘ஃபயரிங் லைன்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆர்மோனியத்தை வாசித்து ‘ஹரே கிருஷ்ணா’ பாடினார். பழமைவாதியான பக்லி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திருவண்ணாமலையைச் சேர்ந்த பவா செல்லதுரை இந்த வரிசையின் ஓரத்தில் நிற்பவர். கவிஞர் என்பதைவிடக் கதைசொல்லி. ‘ஜோக்கர்’ (2016), ‘பேரன்பு’ போன்ற படங்களில் நடித்தாலும், குறிப்புத்தாள் இல்லாமல் பிறர் கதைகளை மேடையில் சொல்லும் குரலால்தான் ஊரும் இணையமும் அவரை அறியும். 2023 அக்டோபரில் ‘பிக் பாஸ்’ ஏழாம் பருவத்துக்குள் போனவர், அங்கும் கதை சொன்னார். சில நாள்களிலேயே தாமாக வெளியேறித் திருவண்ணாமலைக்குத் திரும்பினார்.