மலைக்கள்ளனிடம் கேட்காத கேள்வி

திருத்தணி முருகனைப் பற்றிப் புராணம் என்ன சொல்கிறது தெரியுமா? வள்ளிக்காக வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக வேஷம் போட்டார். வேடர் கூட்டத்தோடு சண்டை போட்டார். அப்புறம் கோபமெல்லாம் தணிந்து வந்து நின்ற இடம்தான் தணிகை!

சினிமாவில் வேஷம் போட்டு நியாயம் வழங்க வந்தவர்களுக்கு அந்தத் தணிதல் மட்டும் வாய்க்கவே இல்லை.

1954-ல் திருத்தணி ஆந்திராவில் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் மல்லுக்கட்டி, 1960 ஏப்ரல் 1-ல்தான் நம் பக்கம் வந்தது. அதே 1954-ல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு ஒரே கதையைத் தமிழில் 'மலைக்கள்ளன்' என்றும், தெலுங்கில் 'அக்கி ராமுடு' என்றும் எடுத்தார். மூலக்கதை நாமக்கல் கவிஞருடைய நாவல். தமிழ் வசனம் கலைஞர். ஊருக்குள் அப்துல் ரஹீம் என்ற கனவான். மலைக்குப் போனால் கள்ளன்! இங்கே எம்.ஜி.ஆர்., அங்கே என்.டி.ஆர். ஜோடி மட்டும் இரண்டிலும் பானுமதியேதான்.

கள்ளன் ஆள் மாறி அடித்துவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? ஊஹூம், கேட்கத் தோன்றாது. வில்லன் நிஜமாகவே வில்லன்தான் என்று கதாசிரியர் நமக்கு முதலிலேயே கேரண்டி கொடுத்துவிடுகிறாரே!

தெருவில் அந்த கேரண்டி கிடையாது. அமெரிக்காவில் 1915-ல் கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில் வெள்ளை அங்கி, முகமூடி, குதிரை சகிதம் 'காப்பாற்ற' வருகிற ஹீரோக்கள் யார் என்கிறீர்கள்? கறுப்பின மக்களைக் கொன்று குவித்த கு க்ளக்ஸ் க்ளான்! எப்போதோ கலைந்துபோயிருந்த அந்தக் கும்பல், படம் வந்த அதே வருஷம் மறுபடி உயிர்பெற்றது. முகமூடி ஹீரோக்களையே சந்தேகப்பட்ட 'வாட்ச்மென்' படம் வர 2009 ஆயிற்று.

நம் ஊரில் முகமூடிகூடத் தேவைப்படவில்லை. காக்கி போதுமானதாக இருந்தது. மலைக்கள்ளன் 1977-ல் தமிழக முதல்வர். அக்கி ராமுடு 1983-ல் ஆந்திர முதல்வர். 1980-ல் திருப்பத்தூரில் குண்டு வெடித்துப் போலீஸார் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து வட ஆற்காடு, தர்மபுரி பக்கம் நக்சலைட்டுகள் என்று சொல்லி இளைஞர்கள் பலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 'என்கவுன்ட்டர்' தமிழ் வார்த்தை மாதிரியே ஆகிப்போனது! என்.டி.ஆர். ஆட்சியிலும் அந்த வார்த்தைக்குப் பஞ்சமில்லை. குற்றவாளிதானா என்று கோர்ட் சொல்வதற்கு, ஆள் உயிரோடு இருக்க வேண்டாமா? என்கவுன்ட்டர் சாவு ஒவ்வொன்றுக்கும் எஃப்.ஐ.ஆர். போட்டுத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் விரிவாக விதி வகுத்தது 2014-ல்தான்.

2024-ல் 'வேட்டையன்' வந்தது. என்கவுன்ட்டர் அதிகாரி ரஜினி, சம்பந்தமில்லாத ஒரு இளைஞனைச் சுட்டுவிடுகிறார். மலைக்கள்ளனிடம் கேட்காததை 70 வருஷம் கழித்து, ஒரு சூப்பர் ஸ்டாரிடமே கேட்டுவிட்டார்கள்! அதிலும் பாருங்கள்... துப்பாக்கி வெடிக்கிறவரை நாமும் ரஜினி கட்சிதான். அவன் அப்பாவி என்று தெரிவது அப்புறம்தான்.